டீமின் மனநலத்துக்கு முதலில் எதைச் செய்வது: அவுட்டிங்கா, ஆப்பா, கவுன்சிலிங்கா, ரோஸ்டரா?

பதினைந்து பேர் இருக்கும் ஒரு சப்போர்ட் டீமுக்கு நீங்கள் மேனேஜர் என்று வைத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆரில் ஆபீஸ், வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில், பாதிப் பேருக்கு இரவு ஷிஃப்ட். கொஞ்ச நாளில் வரிசையாக நாலு பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். இருக்கிறவர்களும் முன்பு மாதிரி பேசிக்கொள்வதில்லை, ஹெட்செட்டைக் கழற்றினால் நேராக கேப் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஹெச்.ஆரிலிருந்து கூப்பிட்டு "உங்க டீம்ல என்கேஜ்மென்ட் ரொம்பக் குறைஞ்சிருக்கு, ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையையும் ஒதுக்குகிறார்கள். இப்போது எதில் கை வைப்பீர்கள்?

பெரும்பாலானவர்கள் செய்வது ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட் புக் பண்ணுவது. சிலர் தியான ஆப்புக்கு சந்தா கட்டச் சொல்வார்கள், சிலர் கவுன்சிலர் ஒருவரை வரவழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்வார்கள். இன்னும் சிலர் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். ரோஸ்டரையும் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை) வேலைப் பளுவையும் எடுத்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. சப்போர்ட் வேலையிலேயே பல வருடம் இருந்து, டீம்களை நடத்தியும் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ரோஸ்டர் முதலில், தனிப்பேச்சு அதோடு சேர்ந்தே, கவுன்சிலிங் எப்போதும் பக்கத்தில் தயாராக, அவுட்டிங் அதற்கப்புறம், ஆப் கடைசியில். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதை எதோடு ஒப்பிட்டாலும் நான் கேட்டுக்கொள்வது இரண்டே கேள்விதான். டீமில் ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறவரை இது எட்டுமா? நான் செய்யாவிட்டால் வேறு யாராவது இதைச் செய்துவிட முடியுமா?

அவுட்டிங்

அவுட்டிங்கைக் குறை சொல்வது எளிது, ஆனால் அதில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துப் பக்கத்து சீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேர் மகாபலிபுரம் போகிற வேனில் ஒரே ஊர்க்காரர்கள் என்று தெரிந்து நண்பர்களாகிவிடுவது உண்டு. அப்படி உண்டாகிற பழக்கம் அப்புறம் ஒரு நெருக்கடியில் "நீ போ, உன் டிக்கெட்டை (வாடிக்கையாளர் புகாரை) நான் பார்த்துக்கறேன்" என்று வந்து நிற்கும்.

ஆனால் யார் வரவில்லை என்று பாருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர் வரமாட்டார். வீட்டில் வயதான அப்பாவைத் தனியாக விட முடியாதவர் வரமாட்டார். ராத்திரி எட்டு மணிக்குள் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டிய பெண், பாதியில் கிளம்ப வேண்டுமே என்ற கூச்சத்திலேயே வராமல் இருந்துவிடுவார். குடிக்காதவர்கள் சிலருக்கு அந்த மாலை நேரமே சங்கடம். வாரம் முழுக்க இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வீக் ஆஃபில் தூங்கலாம் என்று இருப்பவரிடம் காலை ஆறு மணிக்கு வேளச்சேரி பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னால் அவருக்கு அது இன்னொரு ஷிஃப்ட்தான். ஆக, யாருக்குத் துணை அதிகம் தேவையோ அவர்கள்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். திங்கட்கிழமை குரூப்பில் போட்டோக்கள் குவியும்போது, நாம் இந்த டீமில் இல்லை போலிருக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

அதே பணத்தை வேறு மாதிரி செலவழிக்கலாம். வேலை நேரத்துக்குள்ளேயே, மாதத்துக்கு ஒரு நாள், டீம் மொத்தமும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் சப்போர்ட் டீமில் இது பெரிய விஷயம். அங்கே பிரேக் என்பது ஆள்மாற்றி ஆள் எடுப்பது, யாரும் யாரோடும் சேர்ந்து சாப்பிட முடியாது. ஒரு மணி நேரம் பக்கத்து டீமிடம் க்யூவை, அதாவது காத்திருக்கும் கால்களை, கொடுத்துவிட்டு, அவர்கள் சாப்பிடும்போது நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று பேசி முடிப்பது மேனேஜரால் மட்டும்தான் முடியும். பேன்ட்ரியில் டப்பாக்களைத் திறந்து வைத்ததும் ஒருவர் வீட்டு வத்தக்குழம்பு நாலு தட்டுக்குப் போகும், யார் வீட்டில் யார் சமைக்கிறார்கள், யாருக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் யாரும் கேட்காமலேயே வெளியே வரும். அமெரிக்காவில் கெவின் நிஃபின் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய நகரத்தின் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற குழுக்கள், அப்படிச் சாப்பிடாத குழுக்களைவிட வேலையிலும் நன்றாகச் செயல்படுவதாக அதிகாரிகள் மதிப்பிட்டிருந்தார்கள். சேர்ந்து சாப்பிட்டதால் வேலை நன்றாக நடந்ததா, ஒற்றுமையாக இருந்ததால் சேர்ந்து சாப்பிட்டார்களா என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஹாஸ்டல் பெண்ணும் கைக்குழந்தைக்காரரும் விடுபடுவதும் இல்லை.

ஆப், யோகா, வெபினார்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை எடுத்து, மனநல ஆப், தியான வகுப்பு, மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி மாதிரியான விஷயங்களில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டார். கலந்துகொண்டவர்கள் எந்த விதத்திலும் மேம்பட்ட நிலையில் இல்லை. அதில் ஒரே ஒரு விதிவிலக்கு, ஊழியர்களுக்குத் தன்னார்வத் தொண்டு செய்ய வாய்ப்புக் கொடுத்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதிகாலை மூன்றரைக்கு ஷிஃப்ட் முடித்து, நாலரைக்குக் கேப்பில் வீடு சேர்ந்து, வெயில் ஏறிய பிறகு தூக்கம் வராமல் புரள்பவரிடம் "இந்த ஆப்பைத் திறந்து பத்து நிமிஷம் மூச்சைக் கவனிங்க" என்று சொல்லும்போது, கோளாறு உன்னிடம்தான் இருக்கிறது என்றுதான் அவர் காதில் விழும். யோகா பிடித்தவர்கள் செய்யட்டும், நல்லதுதான். மேனேஜர் தன் நேரத்தையும் பட்ஜெட்டையும் முதலில் போட வேண்டிய இடம் இதுவல்ல.

கவுன்சிலிங்

இதை ஆப் மாதிரி ஓரங்கட்ட முடியாது. ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வந்திருந்தால் ரோஸ்டர் மாற்றி அதைக் குணப்படுத்த முடியாது. படித்த நிபுணர் வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் உதவித் திட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, வெளியே ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டியிருப்பார்கள், ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று உங்கள் டீமில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கூப்பிடுவதில்லை, காரணம் ஒரே பயம்: "இது ஹெச்.ஆருக்குப் போயிடும், அப்ரைசல்ல வந்து நிக்கும்."

இந்தப் பயத்தை போஸ்டர் ஒட்டிப் போக்க முடியாது, மேனேஜர் வாய் திறந்து சொல்ல வேண்டும். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது கம்பெனிக்குப் போகுமா, எவ்வளவு போகும் என்று ஹெச்.ஆரிடமும் ஏஜென்சியிடமும் எழுத்தில் கேட்டு வாங்கி, அதை அப்படியே டீமுக்குச் சொல்லுங்கள். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அப்புறம், தமிழில் பேசும் கவுன்சிலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. எட்டு மணி நேரம் இங்கிலீஷில் பேசிச் சம்பாதிக்கிறவருக்கும் தன் வீட்டுக் கதையைச் சொல்லி அழுவதற்குத் தன் மொழிதான் வேண்டியிருக்கும்.

கம்பெனியில் எதுவுமே இல்லை, சின்ன நிறுவனம் என்றாலும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மற்ற பல சேவைகள் அவர்கள் தூங்குகிற நேரத்தில்தான் திறந்திருக்கும். சென்னையில் 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் தற்கொலைத் தடுப்புக்காகவே இத்தனை ஆண்டுகளாக இயங்கி வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்", "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி பேசினால் இந்தக் கட்டுரையின் ஒப்பீடு, வரிசை எல்லாம் ரத்து. அந்த நிமிஷமே அவரைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. அப்புறம் அவர் வீட்டில் நம்பிக்கையான ஒருவரையும் மருத்துவ உதவியையும் சேர்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இவ்வளவு இருந்தும் கவுன்சிலிங்கை முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம், அது வேலைக்கு வெளியே நிற்கிறது. கவுன்சிலரிடம் மனசு விட்டுப் பேசிவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு அதே ஒழுங்கில்லாத ரோஸ்டர், அதே எஸ்கலேஷன் கால், அதே "லீவா? இப்பவா?" என்ற கேள்வி காத்திருந்தால் என்ன பயன்?

தனியாக உட்கார்ந்து பேசுவது

ஒன் ஆன் ஒன் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது ஸ்டேட்டஸ் மீட்டிங்தான். எத்தனை டிக்கெட் மூடினாய், ரேட்டிங் ஏன் குறைந்தது என்று கேட்டுவிட்டு, கடைசி இரண்டு நிமிஷத்தில் "வேற எதுவும் இருக்கா?" "இல்ல சார்." "சரி ஓகே." இதற்கும் மனநலத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நான் சொல்வது, டிக்கெட் கணக்கை மெயிலில் முடித்துவிட்டு, இந்த நேரத்தை ஆளுக்காக மட்டும் ஒதுக்குவது. கண்ணாடி ரூமில் எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், வெளியிலிருந்து டீம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். டீக்கடை வரை நடந்து போய் வரலாம், மொட்டை மாடியில் நிற்கலாம். பக்கவாட்டில் நடந்துகொண்டு பேசும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனாலேயே வார்த்தை வரும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் பதில் வரும், நம் ஊர் மரியாதை அப்படி. மேலதிகாரியிடம் கஷ்டத்தைச் சொல்வது இயலாமையை ஒத்துக்கொள்வது மாதிரி என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: "இந்த வாரம் எந்த கால் முடிஞ்சப்புறமும் மண்டையிலயே ஓடிட்டிருந்துச்சு?" "எந்த ஷிஃப்ட் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" "நான் பண்ற எது உங்க வேலையைக் கஷ்டமாக்குது?" மூன்றாவது கேள்விக்கு முதல் சில தடவை யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். விட்டுவிடாமல் கேட்க வேண்டும்.

நான் பார்த்த ஒருவர், வேலையில் கெட்டிக்காரர், "எல்லாம் ஓகேண்ணா" என்பதைத் தவிர வாரக்கணக்கில் எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, கேப் அவரைத்தான் கடைசியாக இறக்குகிறது, அதனால் வீட்டுக்குப் போய்ச் சேர ஐந்தே முக்கால் ஆகிறது, மகளைக் காலையில் பள்ளிக்குக் கிளப்பிவிட எழுந்திருக்கவே முடியவில்லை, வீட்டில் தினமும் இதற்குத்தான் சண்டை என்றார். டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கிடம் பேசி ரூட்டை மாற்ற ஒரு போன் கால்தான் தேவைப்பட்டது. அவருக்கு அது கேட்கத் தகுந்த விஷயம் என்றே தோன்றியிருக்கவில்லை. இதைத்தான் தனிப்பேச்சின் பலன் என்று நினைக்கிறேன்: மனசு லேசானது ஒரு பக்கம், சரிசெய்யக்கூடியது எது என்று மேனேஜருக்குத் தெரிந்தது இன்னொரு பக்கம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார், மற்றவர்களிடமும் சொல்லிவிடுவார்.

எல்லையும் உண்டு. நீங்கள் கவுன்சிலர் இல்லை. கடன், கல்யாண முறிவு, மருந்து மாத்திரை என்று பேச்சு போனால் கேளுங்கள், அறிவுரை சொல்லாதீர்கள், யாரிடம் போகலாம் என்று வழி காட்டுங்கள். அங்கே கேட்டது எதுவும் அப்ரைசலில் ஒரு வரியாகக்கூட வரக்கூடாது. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் உதாரணமாகச் சொல்வதும் கூடாது, பெயரை மாற்றிச் சொன்னாலும் பதினைந்து பேர் டீமில் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

செலவு என்று பார்த்தால், இது உங்கள் நேரத்தைத்தான் தின்னும். ஆளுக்கு 25 நிமிஷம் என்றால் 15 பேருக்கு ஆறேகால் மணி நேரம், வாராவாரம் அவ்வளவு ஒதுக்குவது கஷ்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அது முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அப்போது சிரமத்தில் இருப்பவர்களுக்கும் மட்டும் வாராவாரம். வாக்குக் கொடுத்த நேரத்தை ரத்து செய்யாமல் இருப்பது எத்தனை தடவை பேசுகிறோம் என்பதைவிட முக்கியம்.

ரோஸ்டரும் வேலையும்

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979லேயே சொன்னது இது. அமெரிக்க, ஸ்வீடன் நாட்டுத் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து, வேலைப் பளு அதிகம் என்பது மட்டும் ஒருவரை நொறுக்குவதில்லை, பளு அதிகமாகவும் அதைத் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் நொறுக்குகிறது என்று காட்டினார். சப்போர்ட் வேலையை அப்படியே படம் பிடித்த மாதிரி இருக்கும். கால் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, என்ன பேச வேண்டும் என்பது ஸ்கிரிப்டில் இருக்கிறது, எப்போது எழுந்து பாத்ரூம் போகலாம் என்பதுகூட ஆக்ஸ் கோடில் (கால் எடுக்காத நேரத்தைக் கணக்கு வைக்கும் குறியீடு) பதிவாகிறது. இதில் கொஞ்சம் உரிமையைத் திருப்பிக் கொடுப்பதுதான் மேனேஜர் செய்யக்கூடிய மிகப் பெரிய மனநல உதவி என்பது என் உறுதியான எண்ணம். கவுன்சிலராலோ ஹெச்.ஆராலோ இதைச் செய்ய முடியாது. ரோஸ்டர் ஷீட் உங்கள் லேப்டாப்பில்தான் திறந்திருக்கிறது.

ரோஸ்டரை வைத்தே எவ்வளவோ செய்யலாம். பல இடங்களில் அடுத்த வார ரோஸ்டர் ஞாயிறு ராத்திரிதான் வரும். தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியுமா, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை கூட்டிப் போவது என்று கடைசி நிமிஷம் வரை தெரியாது, ரயில் டிக்கெட் போட முடியாது. இதை ஒரு மாதம் முன்கூட்டியே வெளியிடுங்கள். இரண்டு பேர் தங்களுக்குள் பேசி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் உங்களுக்குத் தகவல் போதும், அனுமதி வேண்டாம் என்று விடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவரை அடுத்த நாளே காலை ஷிஃப்டில் போடாதீர்கள். வீக் ஆஃப் இரண்டும் சேர்ந்தே வரட்டும். புதன் ஒன்று சனி ஒன்று என்று பிய்த்துக் கொடுத்தால் ஊருக்குப் போக முடியாது, சொந்தபந்தம் எல்லாம் அறுந்துபோகும்.

இதில் பலன் இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அமெரிக்காவில் கேப் (Gap) என்ற துணிக்கடை நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகளில் இதைச் செய்து பார்த்தது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய பேராசிரியர்கள் அதை நடத்தி 2018ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஷிஃப்ட் நேரங்களை நிலையாக வைப்பது, ஊழியர்கள் மேனேஜரைக் கேட்காமலேயே ஒரு ஆப்பில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது மாதிரியான மாற்றங்கள்தான். அப்படிச் செய்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. ஊழியர்களின் தூக்கமும் மேம்பட்டதாகப் பின்னால் வந்த அறிக்கை சொன்னது. மேலே இருப்பவர்களிடம் பேசப் போகும்போது இந்த 7 சதவீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் "பசங்க பாவம் சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நிற்கிற ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளா 2018லேயே செய்திருந்தது. தி.நகர் கடை ஒன்றில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு மன அழுத்தம் என்றால் அவருக்கு முதலில் வேண்டியது ஒரு ஸ்டூல். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் டீமில் அந்த ஸ்டூல் எது என்று யோசித்துப் பாருங்கள்.

என் கணிப்பில் சப்போர்ட் டீமில் அது பெரும்பாலும் திட்டுகிற வாடிக்கையாளர்தான். கெட்ட வார்த்தையில் ஒருவர் கத்திக்கொண்டே இருக்க, இவர் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்த அடுத்த நொடியே அடுத்த கால். இரண்டு முறை எச்சரித்துவிட்டு லைனைத் துண்டிக்கலாம், துண்டித்தால் ரேட்டிங்கில் அது சேராது, அப்படி ஒரு கால் முடிந்ததும் பத்து நிமிஷம் எழுந்து போய்விட்டு வரலாம் என்ற மூன்று விதிகளை கிளையன்டிடமிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுத்தால், அது எந்த ரிசார்ட்டும் தராத நிம்மதி. கிளையன்ட் முதலிலேயே முடியாது என்று சொல்லலாம். அப்போது பத்து நிமிஷ இடைவேளையையாவது உங்கள் பொறுப்பில் கொடுங்கள், அந்த ஆக்ஸ் கணக்கை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பும் இதில் சேர்த்தி. ஷிஃப்ட் முடிந்தவருக்கு வருகிற ஒவ்வொரு மெசேஜும் அவரை மறுபடி ஆபீஸுக்குள் இழுக்கிறது. பகல் ஷிஃப்டுக்கு ஒரு குரூப், இரவுக்கு ஒன்று என்று பிரியுங்கள், அவசரம் என்றால் போன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள். லீவு கேட்டால் காரணத்தைத் துருவாமல் இருப்பதும் அப்படித்தான். காரணம் கேட்கும் மேனேஜரிடம் மக்கள் பொய் சொல்லப் பழகிவிடுவார்கள், பாட்டி எத்தனை முறை இறந்தார் என்று கணக்கு வைக்க வேண்டிவரும், நெருக்கமும் அங்கேயே செத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2022ல் வேலையிடத்து மனநலம் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, வேலையிடத்தில் உள்ள காரணங்களை நிறுவன அளவில் சரிசெய்வதையும் மேனேஜர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைத்தது. ஹெச்.ஆரிடம் பட்ஜெட்டை வேறு விதமாகச் செலவு செய்யக் கேட்கும்போது இந்த ஆவணம் உதவும், அவர்களும் தங்கள் மேலிடத்துக்கு எதையாவது காட்ட வேண்டுமே.

எப்போது இந்த வரிசை மாறும்

ரோஸ்டர் முழுக்க கிளையன்ட் கையில் இருக்கிறது, உங்களால் ஒரு கட்டத்தைக்கூட மாற்ற முடியாது என்றால் தனிப்பேச்சு முதலிடத்துக்கு வரும். அதோடு லீவு, கேப், பிரேக் மாதிரி உங்கள் கைக்கு எட்டும் சின்ன விஷயங்களைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். டீம் முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்க்கிறது, முகமே பார்த்ததில்லை என்றால் அவுட்டிங்குக்கு மதிப்பு கூடும். அப்போதும் ஆபீஸ் இருக்கும் ஊரில், பகலில், குடும்பத்தோடு வரலாம் என்று வையுங்கள். லேஆஃப் நடந்து முடிந்த டீம் என்றால், பார்ட்டி எதையும் யோசிக்கவே வேண்டாம். அடுத்து யார் என்ற பயத்தில் இருப்பவர்களிடம் உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்வதுதான் முதல் வேலை, போனவர்களின் வேலை யார் தலையில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது. டீமில் ஒருவர் இறந்துபோன மாதிரி துக்கம் நேர்ந்திருந்தால் கவுன்சிலரை மறுநாளே கூப்பிடுங்கள், வேலை அளவைப் பாதியாக்குங்கள்.

மேனேஜரே தாக்குப்பிடிக்க முடியாத நிலையில் இருந்தால், பதினைந்து பேரிடம் தனியாகப் பேச ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சமயத்தில் ரோஸ்டரை முன்கூட்டியே போடுவது மாதிரி ஒரே தடவை செய்தால் தானாக ஓடுகிற ஒரு மாற்றத்தை மட்டும் எடுங்கள், உங்களுக்கும் அந்த 14416 திறந்தே இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, சர்வேயில் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை நான் பெரிதாக நம்புவதில்லை, பேர் போடாத சர்வே என்றாலும் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காலையில் திடீரென்று "வரமுடியல" என்று வருகிற மெசேஜ் குறைந்து, மூன்று நாள் முன்பே கேட்கிற லீவு கூடுகிறதா என்று பாருங்கள். உங்களைக் கேட்காமலேயே தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறார்களா? "இது என்னால முடியாது, யாராவது கூட வேணும்" என்று டெட்லைனுக்கு முன்பே யாராவது சொல்கிறார்களா? ஒரு காலாண்டு முழுக்க விட்டுப் பார்த்துவிட்டு, இவற்றில் எதுவும் அசையவில்லை என்றால், தனிப்பேச்சில் கேட்ட அந்த மூன்றாவது கேள்வியை இன்னும் நேராகக் கேளுங்கள்.